தேர் போகும் வழியில் தண்ணீர்மலைக்கு

தைப்பூசத்துக்கு மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் கூட்டத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். தேரையே தலைகளுக்கு நடுவில் எட்டித்தான் பார்த்திருப்பார்கள். வழியில் இருக்கும் கோயில்களை எங்கே பார்ப்பது? அதனால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தேர் போகும் பாதையில் ஒரு சாதாரண சனிக்கிழமை நடந்தே போவது என்று முடிவானது. யோசனை என் மாமியாருடையது. ஈப்போவிலிருந்து விடியற்காலை ரயில், பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி. கரை ஏறியதும் பிள்ளைகள் கிராப் வாடகைக் காரைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். "முருகனே பகல் முழுக்க ரோட்டுல போறாரு, உங்களுக்கு என்னடா?" என்று அத்தை ஒரே அடியாக அடக்கிவிட்டார்.

உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்துவதற்குள் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மனைப் பார்த்தாக வேண்டும். பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இது. 1801-இல் பெட்டி லிங்கம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் சிறு வழிபாட்டு இடமாக இருந்து, 1833-இல் கோயிலாக எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் ஆட்கள் கும்பிட்ட அம்மன். கோபுரம் ஒன்றும் வானளாவ நிற்பதில்லை. கடைவீடுகளுக்கு நடுவே அவற்றில் ஒன்றைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. எங்களுக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி அர்ச்சனைத் தட்டோடு நின்றார். குருக்கள் பெயரைக் கேட்டார். அதை அப்படியே சங்கல்பத்தில் சேர்த்துச் சொல்லி முடித்தார். பாட்டி விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டு, பூவை கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார். பழகிய கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

2017 முதல் தங்கத்தேர் முருகனின் வேலாயுதத்தைச் சுமந்துகொண்டு இந்தக் கோயிலிலிருந்துதான் புறப்படுகிறது. வெள்ளித்தேர் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருக்கும் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து கிளம்பும். 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த தேர் அது. இன்றும் மாடுகள்தான் இழுக்கின்றன. வட்டிக்கடைகள் நிறைந்திருந்த அந்தத் தெருவை அந்தக் காலத்தில் கிட்டங்கித் தெரு என்பார்களாம். கோவில் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம்.

அதற்கு முன்பே, பக்கத்துத் தெருவில் சீனர்களின் குவான் யின் கோயிலையும் ஒரு சுற்று பார்த்தாகிவிட்டது. ஊதுவத்திப் புகையில் மகளுக்குக் கண் எரிந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை. சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்கா. அத்தையின் அம்மா நாகூருக்கு நேர்ந்துகொண்டவராம். அத்தை முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்று வேண்டினார். உள்ளே இருந்த பெரியவர், "வாங்கம்மா, எங்கேருந்து வர்றீங்க?" என்று தமிழில் கேட்டதும் ஊர்க்கதை தொடங்கிவிட்டது. என் கணவர் கைக்கடிகாரத்தைக் காட்டிய பிறகுதான் முடிந்தது.

லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு. அங்கேயே ஒரு தேங்காய் வாங்கி மகனின் முதுகுப்பையில் போட்டார் அத்தை. "இங்கேயே உடைச்சிடலாமே பாட்டி, கனமா இருக்கு" என்றான். "தூக்கிட்டு நடந்தாத்தான்டா வேண்டுதல்" என்றார்.

அப்புறம் வந்ததுதான் நீண்ட நடை. டத்தோ கெராமாட் சாலை. தைப்பூசத்தன்று இங்கே மலை மலையாகத் தேங்காய் குவித்துத் தேர் வரும் முன் உடைப்பார்கள். சீனர்களும் குடும்பம் குடும்பமாக நின்று உடைப்பார்கள். அன்றைக்கு அங்கே பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் வெயிலும்தான். கால் வலித்தபோதுதான் தேர் ஏன் விடியலில் கிளம்பி இரவில் போய்ச் சேருகிறது என்று புரிந்தது. தூரம் காரணமே இல்லை. சும்மா நடந்தால் இரண்டு மூன்று மணி நேரம்தான். வீட்டு வாசலில் தட்டோடு நிற்பவர்களுக்காக நின்று நின்று போகிறது, அவ்வளவுதான். நாங்களும் நின்று நின்றுதான் போனோம், செண்டோல் என்ற ஐஸ் இனிப்புக்காகவும் நிழலுக்காகவும்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குள் நுழைந்தபோது மாலை நடை திறந்திருந்தார்கள். 1857-இல் எழுந்த தண்டாயுதபாணி கோயில். கூட்டம் இல்லாத மண்டபத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்து கால் நீட்டியபோது, தைப்பூசத்தில் இது கிடைக்குமா என்று தோன்றியது. பிள்ளைகள் அங்கேயே படுத்துத் தூங்கத் தயாராக இருந்தார்கள்.

மலைக்கோயிலுக்கு 513 படி. முருகன் முதலில் அருவி ஓரத்தில் இருந்தவர். ஊருக்குக் குடிநீர் தேக்க அந்த இடம் தேவைப்பட்டதால் இடம் மாறினார். தண்ணீர்மலை என்ற பேர் மட்டும் போகவில்லை. இப்போதிருக்கும் பெரிய கோயிலுக்கு 2012-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அடிவாரத்துப் பிள்ளையாருக்குத் தேங்காயை உடைத்தான் மகன். சரிபாதியாக உடைந்ததில் அவனுக்கு ஒரே பெருமை. பை லேசானதில் அதைவிடச் சந்தோஷம்.

அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் அறிமுகமில்லாத ஒருவரோடு பேசினார். எங்களை முந்திக்கொண்டு, உடற்பயிற்சி உடையில் ஓடியே ஏறியது ஒரு கூட்டம். மேலே போனபோது சாயரட்சை தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. ராஜ அலங்காரத்தில் முருகன், கையில் வேல். அத்தை கண்ணை மூடவே இல்லை. "மூடுறதுக்கா இவ்வளவு தூரம் நடந்தேன்?" என்றார் பின்னால். வெளியே வந்தால் நகரத்துக் கோம்தார் அடுக்குமாடிக் கட்டடமும் கடலும் தெரிந்தன. காலையில் இறங்கிய துறைமுகம் எங்கே என்று பிள்ளைகள் தேட ஆரம்பித்தார்கள்.

இறங்கும்போது கிராப் காருக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கார் ஃபெர்ரியை நோக்கித் திரும்பியதும் அத்தை கேட்டார்: "கோலாலம்பூர்ல மாரியம்மன் கோயில்லேருந்து பத்துமலைக்கு வெள்ளித்தேர் போகுதே, அது எவ்வளவு தூரம் தம்பி?" என் கணவர் பதில் சொல்லவில்லை. பின் சீட்டில் மகள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.