ஊசி குத்துவதற்கு முன்னால்

மார்த்தாண்டம் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன். பிள்ளைகள் வளைகுடாவில், வயதானவர்கள் மட்டும் வீட்டில் என்ற குடும்பங்கள் இங்கே நிறைய. அம்மாவுக்கு ஓர்மை தப்புகிறது என்பதே பல வீடுகளில் வீடியோ காலில்தான் தெரியவருகிறது. அப்புறம் மகன் லீவில் வந்ததும் நேராக என்னிடம்தான். "சார், அல்சைமருக்கு இப்ப பிளட் டெஸ்ட் இருக்காமே, அம்மைக்கு எடுத்துப் பாத்திரலாமா?"

கேள்வி நியாயமானதுதான். 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முதலாக இப்படி ஒரு டெஸ்டை அனுமதித்தது. ரத்தத்தில் பி-டௌ217 என்ற புரதத்துக்கும் அமிலாய்டு பீட்டா 1-42 என்ற இன்னொரு புரதத்துக்கும் உள்ள விகிதத்தை அது அளக்கிறது. அல்சைமரில் மூளையில் படிவது இந்த அமிலாய்டுதான். அது படிந்திருக்கிறதா என்று அறிய அதுவரை பெட் (PET) ஸ்கேன் வேண்டும், இல்லையென்றால் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும். முதுகில் ஊசி என்றாலே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் அந்த அனுமதி, 55 வயதைத் தொட்டு, மறதிக்கான அறிகுறியும் உள்ளவர்களுக்குத்தான். இந்த நிபந்தனையின் அருமை ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். நோயைப் பிடிப்பதிலும் நோயில்லாதவரை விடுவதிலும் 90 சதவீதம் சரியாக இருக்கும் ஒரு டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். நரம்பியல் நிபுணர் சலித்து அனுப்பிய 100 பேரில் 60 பேருக்கு உண்மையிலேயே நோய் இருந்தால், பாசிட்டிவ் வருகிற 58 பேரில் 54 பேர் நிஜ நோயாளிகள். அதே டெஸ்டை, 10 பேருக்கு மட்டுமே நோய் இருக்கும் 100 பேரிடம் எடுத்தால் 18 பேருக்குப் பாசிட்டிவ் வரும். அதில் 9 பேருக்கு நோயே இருக்காது. டெஸ்ட் மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள்.

அதனால் முதலில் தைராய்டு, பி12, தூக்க மாத்திரை, மனச்சோர்வு, கீழே விழுந்து தலையில் அடிபட்டதா என்று எல்லாம் பார்க்கிறேன். காதையும் பார்ப்பேன். சொன்னது ஞாபகமில்லை என்று கூட்டிவந்த ஒரு அம்மாவுக்குக் காதில் அழுக்கு அடைத்து, சொன்னதே கேட்டிருக்கவில்லை! சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் தெரிந்தாக வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பி-டௌ கூடுதலாகக் காட்டும். சர்க்கரை நோய் இத்தனை பரவிய ஊரில் இதை மறக்க முடியாது. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம்.

இவ்வளவும் பார்த்தபிறகும் பாசிட்டிவ் என்றோ நெகட்டிவ் என்றோ சொல்ல முடியாத 'இரண்டுங்கெட்டான்' ரிப்போர்ட் வரலாம். எஃப்.டி.ஏ. பார்த்த ஆய்வில் 499 பேரில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அப்படித்தான் வந்தது. அவர்களுக்குப் பழையபடி ஸ்கேனோ தண்டுவட நீரோதான்.

எனக்கு நேரம் போவது இதிலெல்லாம் இல்லை. "ரிசல்ட் எப்படி வந்தாலும் அம்மைகிட்ட சொல்லாண்டாம் சார்" என்பார் மகன். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு நன்றாகவே புரியும்; நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் முடிவெடுக்கும் தெளிவும் இருக்கும். எனவே மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தெரிந்துகொள்ள விருப்பமா என்று அந்த அம்மாவிடமே கேட்பேன். "தெரியாம எதுக்கு மோனே ரத்தம் எடுக்கணும்?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். வேண்டாம் என்றவர்களும் உண்டு, அவர்களுக்கு எடுப்பதில்லை. லெகனெமாப், டொனனெமாப் என்ற அல்சைமர் மருந்துகளைக் கேட்பவர்களிடம், அவை ஆரம்ப நிலைக்கு மட்டும், நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

சிலசமயம் மகன் தன் சட்டைக் கையையும் மடக்குவார். "எனக்கும் ஒண்ணு எடுங்க சார்." நாற்பதைத் தாண்டிய, மறதி எதுவும் இல்லாத ஆளுக்கு இந்த டெஸ்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளை, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, காது கேளாமை எல்லாம் அதில் இருக்கின்றன. மடக்கிய கையில் பிரஷர் பார்க்கிறேன். பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கிறது.