ஆன்லைன் பட்டத்துக்குப் பணம் கட்டும் முன்: அமெரிக்கக் கல்லூரிகளின் தர அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகளின் இணையதளங்களில், கட்டண விவரத்தைக் காட்டிலும் எளிதாகக் கண்ணில் படுவது ‘முழுமையான அங்கீகாரம் பெற்றது’ என்னும் வரிதான். வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பைத் தொடர விரும்பும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் யோசனை கேட்கும்போது அந்த வரியைத்தான் முதலில் எடுத்துச் சொல்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்தது, இனிக் கட்டணத்தையும் பாடங்களையும் பற்றிப் பேசலாம் என்ற தோரணையில். அங்கீகாரம் அளித்தது யார், அப்படி அளிக்கும் தகுதி அவர்களுக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டிருப்பது யார், நாம் சேரப்போகும் குறிப்பிட்ட படிப்புக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பதில் கிடைக்காதவரை, அந்த வரிக்கு விளம்பர வாசகத்துக்குரிய மதிப்புத்தான் உண்டு என்பது என் கருத்து.

அங்கீகாரம் அளிப்பது அரசாங்கம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் கல்வித் துறை எந்தக் கல்லூரிக்கும் நேரடியாகத் தர அங்கீகாரம் அளிப்பதில்லை. அந்த வேலையைத் தனியார் முகமைகள் செய்கின்றன. கல்லூரி தன்னைப் பற்றி ஒரு விரிவான தன்மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். பிற கல்லூரிகளின் பேராசிரியர்களும் நிர்வாகிகளும் அடங்கிய குழு ஒன்று வந்து ஆசிரியர் தகுதி, நிதிநிலை, மாணவர் சேவை, பாடத்திட்டம் ஆகியவற்றைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும். அதன்மீது முகமையின் ஆணையம் முடிவெடுக்கும். ஹையர் லேர்னிங் கமிஷன் போன்ற முகமைகளில் இந்த முழுச் சுற்று பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும். இடையிலும் சோதனைகள் உண்டு.

அரசு இதற்குள் வந்தது பணத்தின் வழியாக. கொரியப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்வி உதவி அளிக்க 1952-இல் சட்டம் இயற்றப்பட்டபோது, அந்தப் பணம் பெயரளவுப் பள்ளிகளின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, நம்பத்தக்க முகமைகள் எவை என்று அரசு பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. இன்றும் கூட்டாட்சி அரசின் மாணவர் கடனும் உதவித்தொகையும் கிடைக்க வேண்டுமானால், கல்வித் துறை ஏற்றுக்கொண்ட ஒரு முகமையின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு இருந்தாக வேண்டும். 1996-இல் தொடங்கப்பட்ட ‘சீயா’ என்னும் உயர்கல்வி அங்கீகார மன்றமும் முகமைகளைத் தனியாக மதிப்பிட்டு ஏற்கிறது. மாநில அரசு கொடுக்கும் செயல்பாட்டு உரிமம் இவற்றில் சேராது. அந்த உரிமம் கல்வி நிறுவனம் நடத்துவதற்கான அனுமதி. கல்வித் தரத்துக்கான சான்றாக அதைக் காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அங்கீகாரம் அளிப்பவர் யார் என்ற கேள்வியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், முகமையையே போலியாக உருவாக்கிவிட முடியும் என்பதுதான். கராச்சியில் இயங்கிய ஆக்சாக்ட் நிறுவனத்தைப் பற்றி 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியில், அந்த நிறுவனம் நூற்றுக்கணக்கான இணையதளங்களை நடத்தி வந்தது அம்பலமானது. இல்லாத பல்கலைக்கழகங்கள் மட்டுமல்லாமல், அவற்றுக்குச் சான்றளிக்க இல்லாத அங்கீகார அமைப்புகளும் அந்த இணையதளங்களில் இடம்பெற்றிருந்தன. சந்தேகப்பட்டு முகமையின் பெயரைக் கூகுளில் தேடிப் பார்க்கும் கவனமான மாணவரும் கச்சிதமான ஓர் இணையதளத்தைக் கண்டு திருப்தியடைந்துவிடுவார். அதில் அவருடைய ‘பல்கலைக்கழகத்தின்’ பெயரும் இருக்கும்.

இத்தகைய கடைகள் காட்டும் இன்னொரு வித்தை அப்போஸ்டில் முத்திரை. ஓர் ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்த ஆவணத்தைக் கொடுத்த நிறுவனத்தின் தரத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட எந்தத் தாளுக்கும் அதைப் பெறலாம். அதேபோல, இணைய முகவரி ‘.இடியு’ என்று முடிந்தால் போதும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 2001-இன் இறுதியிலிருந்து, ஏற்கப்பட்ட முகமைகளின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அந்த முகவரி கொடுக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அந்த முகவரியை வாங்கி வைத்திருந்தவர்களிடமிருந்து அது பறிக்கப்படவில்லை.

சரிபார்க்கும் வேலைக்குக் கால் மணி நேரம் போதும். கல்லூரியின் இணையதளத்தில் முகமையின் இலச்சினையைத் தட்டி அது கொண்டுபோய்விடும் இடத்தில் படிக்காதீர்கள். திசையைத் திருப்பி, மேலிருந்து கீழே வாருங்கள். கல்வித் துறையின் ‘டாப்பிப்’ தரவுத்தளத்தை நீங்களே தேடித் திறந்து கல்லூரியின் பெயரை உள்ளிட்டால், எந்த முகமை, எந்த ஆண்டு முதல் அங்கீகரித்திருக்கிறது என்பது தெரியும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும், ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கடை விரிப்பது இந்தத் தொழிலின் பால பாடம்.

அங்கிருந்து அந்த முகமையின் இணையதளத்துக்குப் போய், கல்லூரிக்குரிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலோர் இதுவரை வருவதில்லை. ஆனால் உண்மையில் பயன்படும் தகவல்கள் இங்கேதான் இருக்கின்றன. உதாரணமாக, ஹையர் லேர்னிங் கமிஷனின் பக்கத்தில் கல்லூரியின் தற்போதைய நிலை, கடைசியாக அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்ட ஆண்டு, அடுத்த ஆய்வு நடக்கும் ஆண்டு ஆகியவற்றோடு, தொலைநிலைக் கல்விக்கு ஒப்புதல் உண்டா என்பதும் இருக்கும். வளாகத்தில் வகுப்பு நடத்தத் தகுதி பெற்ற கல்லூரி ஆன்லைனில் பட்டம் தருவதற்கு இந்த ஒப்புதலும் தேவை. ‘கேண்டிடேட்’ என்று போட்டிருந்தால் முழு அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்று பொருள். ‘நோட்டீஸ்’, ‘வார்னிங்’, ‘புரொபேஷன்’, ‘ஷோ காஸ்’ ஆகிய சொற்களில் ஒன்று இருந்தால், கல்லூரி அங்கீகாரம் பெற்றதுதான், ஆனால் ஏதோ ஒரு விதியில் சறுக்கியிருக்கிறது அல்லது சறுக்கும் நிலையில் இருக்கிறது. அங்கீகாரம் ஏன் பறிக்கப்படக் கூடாது என்று காரணம் காட்டச் சொல்லும் ஷோ காஸ் ஆணை கடைசிப் படிக்கட்டு. புரொபேஷனில் இருக்கும் கல்லூரியை உடனே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முகமை வெளியிட்டிருக்கும் கடிதத்தைப் படித்து, குறை எதில் என்று பார்க்கலாம். குறை நிதிநிலையில் என்றால் நான் சேர மாட்டேன்.

குறிப்பிட்ட வட்டாரத்துக் கல்லூரிகளை அங்கீகரித்து வந்த வட்டார முகமை, நாடு முழுவதும் அங்கீகரிக்கும் தேசிய முகமை என்ற பாகுபாட்டைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முகமை என்ற பழைய ஏற்பாட்டைக் கல்வித் துறை 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளின் மூலம் கைவிட்டுவிட்டது. விதிப்படி இப்போது இரண்டும் ஒரே தட்டில்தான் வைக்கப்படுகின்றன. நடைமுறை அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. ஒரு கல்லூரியில் பெற்ற கிரெடிட்டுகளை, அதாவது முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளை, ஏற்பதா வேண்டாமா என்பதை, நாம் மாறிப் போகும் கல்லூரிதான் தீர்மானிக்கிறது. முன்பு வட்டார முகமைகள் எனப்பட்டவற்றின் அங்கீகாரம் உள்ள கல்லூரியின் கிரெடிட்டுகளை மட்டும் ஏற்கும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. தொலைநிலைக் கல்வி நிறுவனங்களுக்கென்றே இயங்கும் டி.ஈ.ஏ.சி. 1926-இல் தொடங்கிய பழமையான, கல்வித் துறையும் ஏற்ற தேசிய முகமை. 2009-இல் நிறுவப்பட்ட யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் என்னும் ஆன்லைன் பல்கலைக்கழகம் 2014-இல் அதன் அங்கீகாரத்தைப் பெற்றது. ஆனாலும் அதோடு நின்றுவிடாமல், மேற்கு வட்டாரத்தின் டபிள்யூ.எஸ்.சி.யு.சி. முகமையின் அங்கீகாரத்தையும் நாடிப் பெற்றது. பட்டத்தின் செலாவணி எங்கே இருக்கிறது என்பது அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். இரண்டாண்டு படித்துவிட்டு வேறு இடத்தில் முடிக்கும் எண்ணம் இருப்பவர்கள், போகப்போகும் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து, படிப்புக்கு இல்லாமல் போவதும் உண்டு. நர்ஸாக வேலை பார்க்கும் என் சித்தி மகள், ஆன்லைனில் நர்ஸிங் இளங்கலைப் பட்டத்தை முடிக்க ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பல்கலைக்கழகம் நல்ல முகமையால் அங்கீகரிக்கப்பட்டது. டாப்பிப்பில் பெயர் சரியாக இருந்தது. நர்ஸிங் படிப்புக்குத் தனியாக, நர்ஸிங் கல்விக்கென்றே உள்ள சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.ஈ.என். முகமையின் அங்கீகாரம் உண்டா என்று கேட்கச் சொன்னேன். சேர்க்கை ஆலோசகர் முதல் இரண்டு முறை ‘எங்கள் பல்கலைக்கழகம் முழு அங்கீகாரம் பெற்றது’ என்றே சொல்லிக்கொண்டிருந்து, மூன்றாவது முறை கேட்டபோது, விண்ணப்பித்திருக்கிறோம் என்றாராம். “விண்ணப்பம் போட்டிருக்காங்களே அண்ணா, அது போதாதா?” என்று கேட்டாள். விண்ணப்பதாரராக இருப்பது அங்கீகார நிலை ஆகாது என்று சி.சி.என்.இ. அமைப்பே தெளிவாகச் சொல்கிறது. நர்ஸிங் முதுகலைச் சேர்க்கையில் பல பல்கலைக்கழகங்கள் இந்த அங்கீகாரம் உள்ள இளங்கலைப் பட்டத்தைக் கேட்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. மருத்துவமனைகளின் நியமன விதிகளிலும் அது இடம்பெற்றிருக்கிறது. அவள் வேறு இடத்தில் சேர்ந்தாள்.

எல்லாப் படிப்புக்கும் இந்தக் கவலை தேவையில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் முதுகலைக்கு, பொறியியல், கணினிப் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏபெட் முகமையின் அங்கீகாரம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பலவற்றின் அந்தப் படிப்புக்கும் அது கிடையாது என்பதுதான். உரிமம் பெற்றுத்தான் தொழில் செய்ய முடியும் என்ற துறைகளில் நிலைமை வேறு. நர்ஸிங், ஆசிரியர் பணி, உளவியல் ஆலோசனை, சமூகப் பணி, சட்டம் ஆகியவற்றில் உரிமம் கொடுப்பது மாநிலம். விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலான மாநிலங்களில் ஏ.பி.ஏ. என்னும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த சட்டப் பள்ளியில் படிக்காதவர், வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வு எழுத வழியில்லை. கலிஃபோர்னியாவில் மற்ற பள்ளிகளில் படித்தவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் சிக்கல். தொழில் உரிமத்துக்கு இட்டுச்செல்லும் படிப்புகளை நடத்தும் கல்லூரிகள், எந்தெந்த மாநிலத்தின் தேவையை அந்தப் படிப்பு நிறைவேற்றுகிறது என்பதை வெளியிட வேண்டும் என்று கூட்டாட்சி விதி இருக்கிறது. கல்லூரியின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் எங்காவது ஒரு மூலையில்தான் இருக்கும்; தேடி எடுங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும், அங்கீகாரம் என்பது குறைந்தபட்சத் தரத்துக்கான சான்றுதான். 2015-இல் மூடப்பட்ட கொரிந்தியன் கல்லூரிகளும் 2016-இல் மூடப்பட்ட ஐ.டி.டி. டெக் என்னும் தொழில்நுட்பக் கல்லூரித் தொடரும் கடைசிவரை அங்கீகாரம் பெற்றே இருந்தன. அவற்றின் வளாகங்கள் பலவற்றை அங்கீகரித்த ஏ.சி.ஐ.சி.எஸ். முகமையைக் கல்வித் துறை 2016-இல் பட்டியலிலிருந்து நீக்கி, 2018-இல் மீண்டும் சேர்த்து, 2022-இல் இறுதியாக நீக்கியது. இடைப்பட்ட காலத்தில், தெற்கு டகோட்டாவில் அதே முகமையின் அங்கீகாரம் பெற்றிருந்த ரீகன் நேஷனல் யுனிவர்சிட்டிக்கு மாணவர்களோ ஆசிரியர்களோ இருப்பதற்கான அடையாளமே இல்லை என்று 2020-இல் யுஎஸ்ஏ டுடே எழுதியது. முகமை பட்டியலிலிருந்து நீக்கப்படும்போது கல்லூரிகளுக்கு வேறு முகமையைத் தேடிக்கொள்ளப் பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கப்படுகிறது. அந்தப் பதினெட்டு மாதமும் மாணவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே கல்லூரியின் பெயரைத் தேடும்போதே முகமையின் பெயரையும் சேர்த்துச் செய்திகளில் தேடிப் பார்ப்பது நல்லது.

அங்கீகாரம் இருக்கும்போது பெற்ற பட்டம், பின்னாளில் கல்லூரி மூடப்பட்டாலும் செல்லும். முழுக்க ஆன்லைனில் நடந்து 1999-இல் வட்டார அங்கீகாரம் பெற்ற முதல் பல்கலைக்கழகமான ஜோன்ஸ் இன்டர்நேஷனல், 2015-இல் மூடப்போவதாக அறிவித்தது. அதற்கு முன் முடித்தவர்களின் பட்டத்துக்குக் குறை வரவில்லை. பாதியில் நிற்பவர்களுக்குத்தான் தொல்லை. மூடும் நேரத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களும், மூடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் விலகியவர்களும் படிப்பை முடித்திருக்காவிட்டால் கூட்டாட்சி மாணவர் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரலாம். தனியார் வங்கிக் கடனுக்கு இந்தச் சலுகை கிடையாது. மூடப்பட்ட கல்லூரிகளின் மதிப்பெண் பதிவுகள் பெரும்பாலும் மாநிலத்தின் உயர்கல்வி அலுவலகத்திடமோ வேறொரு கல்லூரியிடமோ போய்ச் சேரும். பாடங்களின் சிலபஸ் அப்படிப் போய்ச் சேருவதில்லை. கிரெடிட்டுகளை மாற்ற முயலும்போது புதிய கல்லூரி கேட்பது அந்த சிலபஸைத்தான் என்பதால், ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அதை இறக்கிச் சேமித்து வையுங்கள். கல்லூரியின் மாணவர் தளம் மூடப்பட்ட பிறகு அதை எடுக்க வழியிருக்காது.