புட் புரொடக்சன் செய்முறைத் தேர்வு: முகாமிலிருந்து எழுதப் போகிறவர்களுக்கு

சென்ற வாரம் ஐ.டி.ஐ. தேர்வு முடிவுகள் வந்தன. புட் புரொடக்சன், அதாவது ஓட்டல் சமையல் பிரிவில் தேறிவிட்டேன் என்பதைவிட, செய்முறைத் தேர்வில் எதிர்பார்த்ததற்கும் மேலாக மதிப்பெண் வந்திருக்கிறது என்பதுதான் மனத்துக்கு நிம்மதியைத் தருகிறது. மதுரைப் பக்கம் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து ஓட்டல் வேலையை எண்ணி இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் பலர் செய்முறைத் தேர்வை எப்படிச் சமாளிப்பது என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருப்பதால், எல்லோருக்குமாக ஒரே முறையில் எழுதிவிடுகிறேன்.

கருத்தியல் தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தமும் கிடையாது. ஸ்டாக் (எலும்பையோ காய்களையோ வேகவைத்து வடித்த சாறு), தாய் சாஸ்கள் (மற்ற சாஸ்களுக்கு அடிப்படையானவை), காய் வெட்டும் வகைகள், சுகாதாரம் ஆகிய நான்கையும் திரும்பத் திரும்பப் படித்தால் கரை சேர்ந்துவிடலாம். எம்பிளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்ற வேலைத்திறன் பாடத்தைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கினால் போதும். ஆனால் செய்முறைக்கு 60 சதவீதம் வேண்டும். நம்மவர்கள் தடுமாறுவது அங்கேதான், அதுவும் சமைக்கத் தெரியாததால் அல்ல.

சமைக்கத் தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முகாமில் கல்யாணம், காதுகுத்து என்றால் நூறு பேருக்கு ஆக்கிப் போடும் கைப்பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்திலேயே பொருள்கள் மேசைக்கு வந்ததும் வெங்காயத்தை நறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், செய்முறைத் தேர்வின் பாதி, கத்தியைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மெனு கையில் கிடைத்தவுடன், எந்தப் பதார்த்தம் முதலில் தொடங்க வேண்டும், எது காத்திருக்கலாம், எந்த அடுப்பு எப்போது காலியாகும், எதை எந்த நேரத்தில் தட்டில் வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் வேலை வரிசையை எழுதிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எங்களுக்கு வந்த மெனு தக்காளி கிரீம் சூப், வெஜிடபிள் ஓ கிராத்தான் (காய்கள் மேல் வெள்ளைச் சாஸ் ஊற்றி மேற்புறம் சிவக்கச் சுடுவது), வெஜிடபிள் புலாவ், கேரமல் கஸ்டர்டு. மெனுவில் கடைசியாக இருக்கும் கஸ்டர்டைத்தான் முதலில் தொடங்க வேண்டும், ஏனென்றால் அது வெந்து, ஆறி, குளிர்ந்தால்தான் அச்சிலிருந்து உடையாமல் கவிழும். சர்க்கரைப் பாகு தேன் நிறத்திலிருந்து செம்மை ஏறத் தொடங்கும்போதே அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். டிகாஷன் நிறம் வரட்டும் என்று காத்திருந்தால், இறக்கிய பிறகும் பாத்திரத்தின் சூடே அதைக் கசக்க வைத்துவிடும். அச்சுகளை மூடி வெந்நீர்த் தட்டில் வைத்து வேகவைக்கையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. கொதித்தால் கஸ்டர்டின் உள்ளே துளை துளையாக விழும், தேர்வாளர் கரண்டியால் வெட்டிப் பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிடுவார். கஸ்டர்டு வேகும் நேரத்தில் அரிசி ஊறும். அரிசி ஊறுவதற்குள் காய்களை நறுக்கி முடித்துவிடலாம். இதற்கிடையே, கிராத்தானுக்கு வேண்டிய பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸுக்கான சூடான பாலில் கிராம்பு குத்திய வெங்காயம் கிடந்து மணத்தை இறக்கிக்கொண்டிருக்கும். இவை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளில் இருந்தால், பதற்றத்தில் மூளை நின்றுபோனாலும் கை நிற்காது.

மற்றவர்கள் அடுப்பைப் பற்ற வைத்த பிறகும் நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் மேசைக்கு வந்தார்.

“என்ன தம்பி, இன்னும் கத்தியவே எடுக்கல?”

“வேலை வரிசை எழுதிக்கிட்டிருக்கேன் சார்,” என்று தாளை நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, அதிலிருந்தே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். ஏன் கஸ்டர்டு முதலில், ஏன் கிராத்தானுக்குச் சாஸ் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும், ஏன் புலாவைக் கடைசியில் திறக்க வேண்டும் என்று அவர் கேட்டவை எல்லாம் நான் யோசித்து எழுதியவற்றின் காரணங்களே என்பதால், வாய்மொழித் தேர்வின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. நான் இயல்பிலேயே நிதானக்காரன். ஓடியாடிச் செய்பவர்களுக்கு இது இழுவையாகத் தோன்றலாம். தோன்றினாலும் எழுதுங்கள்.

மற்றபடி, வாய்மொழியில் தவறாமல் வருபவை:

- வெட்டும் பலகையின் நிறங்கள். சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கனிகளுக்குப் பச்சை.
- உணவில் கிருமி பெருகும் வெப்பநிலை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை என்று சொல்லுங்கள்.
- ஸ்டாக்கில் மணத்துக்குப் போடும் காய்க்கலவையான மிர்ப்வாவின் விகிதம். வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு.
- சாஸைக் கெட்டியாக்கும் ரூவில் மாவும் வெண்ணெயும் சம எடை. ரூ ஆறியிருந்தால் பால் சூடாக இருக்க வேண்டும்; இல்லையேல் கட்டி தட்டும்.
- எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூட வேண்டும்.
- ஜூலியன் (மெல்லிய குச்சி வெட்டு), புருன்வாஸ் (பொடிக் கட்ட வெட்டு) என்றால் என்ன என்று கேட்டால் வாயால் விளக்க வேண்டாம், ஒரு கேரட்டை எடுத்து வெட்டிக் காட்டுங்கள்.

இனி, முகாமிலிருந்து வருவோருக்கு மட்டுமே உள்ள தொல்லை. இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் பதிந்தபோது பெற்றோர் சொன்ன பெயர் முகாம் அட்டையில் ஒரு விதமாகவும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்தோடு வேறு விதமாகவும், ஆதாரில் முதலெழுத்து விரிந்து மூன்றாவது விதமாகவும் இருக்கும். ஐ.டி.ஐ.யில் பதிவு செய்யும்போது எந்தப் பெயர் ஏறுகிறதோ அதுவே தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வரை தொடர்ந்து வருவதால், சேரும் மாதத்திலேயே மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். தேர்வு நெருங்கும் காலத்தில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது, படிப்பையும் கெடுக்கும், மனத்தையும் கெடுக்கும்.

வேலை கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. மதுரையில் கிடைக்கும். பெரியார் பேருந்து நிலையம், டவுன்ஹால் ரோடு, மாட்டுத்தாவணி சுற்றுவட்டாரத்தில் எந்தச் சமையலறையிலும் ஆள் போதவில்லை என்றுதான் சொல்கிறார்கள். சித்திரைத் திருவிழாவிலும் முகூர்த்த நாள்களிலும் கேட்கவே வேண்டாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள்தான் பல அடுப்படிகளைத் தாங்கி நிற்கிறார்கள் என்பதால், கொஞ்சம் இந்தி பழகிக்கொண்டால் முதல் மாதம் எளிதாகக் கழியும். ஆனாலும் எல்லாக் கதவும் திறந்துவிடாது. ஒரு விடுதியில் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், முகாம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளூர் ஆள் யாரையாவது ஜாமீனுக்கு அழைத்து வா என்றார்கள். நான் அழைத்துப் போகவில்லை, வேறு இடம் பார்த்தேன். 1950ஆம் ஆண்டு இந்திய-நேபாள உடன்படிக்கையின் துணையால் நேபாளத்துப் பையன் விசா இல்லாமல் வந்து வேலை செய்ய முடிகிற நாட்டில், இங்கேயே பிறந்து வளர்ந்த நான் ஜாமீன் தேட வேண்டியிருப்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பையன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

வளைகுடா, சொகுசுக் கப்பல் என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் மட்டும் போக வேண்டாம். கப்பலில் சமையல்காரராகப் போவதற்கும் முதலில் வேண்டியது பாஸ்போர்ட். அது நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது உண்மை. ஆனால் 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற சட்டத்தின் அடிப்படையில் வந்த தீர்ப்பு அது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். இதை அறியாமல், அந்தச் செய்தியைக் காட்டியே பணம் பறிக்கிறார்கள். குடும்பத்தோடு ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. திருகோணமலை, பாசிக்குடா கடற்கரை விடுதிகளில் இந்தக் கைத்தொழில் செல்லும், அங்கே சிங்களமும் ஆங்கிலமும் கூடுதலாகக் கேட்பார்கள்.

எந்தப் பிரிவைத் தேர்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சமையலறைதான். வரவேற்பில் நின்றால் பேச்சும் உடையும் முந்திக்கொள்ளும். அடுப்படியில் கை பேசும், ஊர் எது என்ற கேள்வி இரண்டாம் நாளோடு நின்றுவிடும். ஆனால் பிரேக் ஷிப்டுக்கு உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். காலை வேலை முடிந்து மாலை வேலை தொடங்கும் வரையிலான இடைவெளியில் முகாமுக்குப் போய்த் திரும்புவது பஸ் கட்டணத்துக்கே கட்டுப்படியாகாது, ஆகவே ஓய்வறை உள்ள இடமா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

இரவு வேலையை ஒப்புக்கொள்ளும் முன் முகாமில் ஆள் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் சரிபார்க்கும் தணிக்கை நாள்களை மேலாளரிடம் சொல்லி, அந்த நாள்களில் பகல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று மாதந்தோறும் அரசிடமிருந்து வரும் பணக்கொடை, ஆள் இல்லை என்ற ஒரு குறிப்பால் சிக்கலாகிவிடும்; அம்மா அதற்காகத் தாசில்தார் அலுவலகம் வரை நடக்க வேண்டியிருக்கும்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, விடுதியும் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருவதானால், முதல் மாதத்திலேயே ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நம் பங்காகச் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான். கத்தி வெட்டும் எண்ணெய்க் காயமும் இந்த வேலையில் எப்போது வேண்டுமானாலும் வரும்; எண் இருந்தால் மதுரை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.