கடைசிக் குழாயில் 0.2

குழாய்த் தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று எழுதும் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்: தேதி, நேரம், இடம், அளவு, கையொப்பம். அன்றைக்கு நான்காவது கட்டத்தில் 0.2 என்று எழுதினேன். கையில் இருந்த சோதனைக் குழாயில் தண்ணீர் துளிகூட மஞ்சளாகவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விளக்கம். பல வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் விளக்கம்.

உள்ளாட்சியில் தண்ணீர் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனை பழக்கம். குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கும் ஓ.டி. கரைசலைச் சொட்டு விட்டு, குலுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பக்கத்தில் உள்ள மஞ்சள் நிறத்தோடு ஒப்பிடுவோம். இப்போது மாத்திரை வந்துவிட்டது, அதில் இளஞ்சிவப்பு வரும். எந்த நிறமாக இருந்தால் என்ன, தொட்டியடியில் பளிச்சென்று வருவது பெரிய விஷயமே இல்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, அப்புறம் வால்வைத் திறப்பது.

தொட்டி ஆபரேட்டர் அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குழாயை அவரிடம் காட்டினேன்.

"அங்க எப்பவும் வராது சார். தொட்டியடியில பாருங்க, நல்லா வரும்."

"தொட்டியடியில பார்த்துட்டேன்ணே. இங்கதான் வரலை."

"கூடப் போட்டா முதல் தெருவுல மருந்து வாடைன்னு வார்டு உறுப்பினர் போன் போடுறார். குறைச்சுப் போட்டா நீங்க வர்றீங்க. நான் என்ன செய்யட்டும்?"

நான் பேசாமல் நின்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் இன்னும் காதில் இருக்கிறது. "பூஜ்யம்னு எழுதிட்டு, அப்புறம் என்ன சார் செய்வீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பூஜ்யம் என்று எழுதினால் நான் மேலே சொல்ல வேண்டும். அந்த வழியில் தண்ணீரை நிறுத்தி, வீடு வீடாகக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி, லாரியில் தண்ணீர் அனுப்பி, குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். லாரி அன்றைக்குப் பழுது. தண்ணீரை நிறுத்தினால் அந்தத் தெருக்காரர்கள் மூடியில்லாத பழைய கிணற்றுக்குத்தான் போவார்கள். குளோரின் இல்லாத குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா? குழாய்த் தண்ணீர் தேவலை என்று நினைத்தேன். இப்போது கேட்டாலும் அந்தக் கணக்கு தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கணக்குக்கும் 0.2 என்று எழுதியதற்கும் சம்பந்தம் இல்லை. தண்ணீரை விட்டுக்கொண்டே பூஜ்யம் என்று எழுதியிருக்கலாமே. எழுதியிருந்தால், தெரிந்தே விட்டேன் என்று ஆகியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன். மக்கள், கிணறு எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை என்று சில நாள் தோன்றும். சில நாள், இல்லை, கிணறுதான் முதலில் மனதில் வந்தது என்றும் தோன்றும்.

பக்கத்தைப் புரட்டினேன். முந்தைய நாள் 0.2. அதற்கு முந்தைய நாள் 0.2. மாதம் முழுக்க ஒரே எண், ஒரே பேனா. தண்ணீர் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது என்று வேலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் அந்த வரிசையில் ஒரு 0.2 சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறு காரணத்துக்காகத் தோண்டியபோது, ஒரு வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள் புகுந்து போவது தெரிந்தது. துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எங்கள் ஊழியர் அதில் சுண்டுவிரலை விட்டே காட்டினார். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் இதுதான் வினை. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் போய்விடும். சுற்றி இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளோரின் வழியிலேயே தீர்ந்துபோகும். அன்றைக்கு மஞ்சள் வராத அந்தக் குழாய் இதைத்தான் சொல்லியிருக்கிறது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதாவது, எங்கள் காதுக்கு எதுவும் வரவில்லை. குழந்தைக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றால் யார் உள்ளாட்சி அலுவலகத்துக்கு வந்து சொல்கிறார்கள்?

கனடாவில் வாக்கர்டன் என்ற சிறிய ஊரைப் பற்றிப் பிறகு படித்தேன். 2000 மே மாதம், கனமழையில் மாட்டுச்சாணக் கழிவு கிணற்றில் கலந்து 7 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். அங்கே தண்ணீர் விட்டவர்கள் பல வருஷமாகச் சோதிக்காமலே குளோரின் அளவை எழுதி வந்திருக்கிறார்கள். 0.5, 0.75 என்று. குளோரின் ருசி பிடிக்கவில்லை என்று மக்கள் சொல்ல, குறைத்தும் போட்டிருக்கிறார்கள். கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள் என்ற இடத்தில் மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் வீடும் அந்தக் கடைசித் தெருவில்தான் இருந்தது.

இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். கண்ணால் பார்த்ததை எழுது, பூஜ்யமும் ஒரு அளவுதான் என்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது, குறித்துக்கொள்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் அப்படிக் குறித்துக்கொண்ட ஒரு பெண் காலையில் போன் செய்தாள். "சார், கடைசிக் குழாயில ஒண்ணுமே வரலை."

என் வாயில் முதலில் வந்தது, "மாத்திரை காலாவதி ஆகலையே? இன்னொரு தடவை பாரும்மா."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார். என்ன எழுதட்டும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. பூஜ்யம்னே எழுதும்மா என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், லாரி அன்றைக்கு வாசலில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது.