ராஸ்பெர்ரி பையில் இணைய வானொலி விட்டு விட்டுப் பாடுகிறதா? நான் செய்து பார்த்தவை

எங்கள் வீட்டு ஹாலில் பாட்டுப் பெட்டியாக இருப்பது ராஸ்பெர்ரி பை 3பி என்ற கையடக்கக் கணினி. அதில் எம்.பி.டி. என்ற பாட்டு இயக்கும் மென்பொருள் ஓடுகிறது. யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் கருவி) வழியாகப் பழைய ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தம் போகிறது, ஃபோன் செயலியில் நிலையம் மாற்றிக்கொள்கிறோம். பென் டிரைவில் இருக்கும் பாட்டுகள் பிசிறில்லாமல் பாடும். இணைய வானொலி மட்டும் பகலில் அவ்வப்போதும், சாயங்காலம் ஆனால் அடிக்கடியும் நின்று நின்று பாடும். அதே நிலையத்தை அதே நேரத்தில் ஃபோனில் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. ஆக, நிலையத்தின் மேல் பழி இல்லை, கோளாறு வீட்டுக்குள்தான்.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், எப்படி நிற்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அரை விநாடிக்கும் குறைவாக, 'டக்' என்ற சத்தத்தோடு வெட்டினால் பெரும்பாலும் மின்சாரம் அல்லது யுஎஸ்பி பக்கத்துச் சிக்கல். சில விநாடி அமைதி, பிறகு தானாகவே தொடர்கிறது என்றால் பஃபர் (பாடுவதற்கு முன் ஒலியைச் சேர்த்துவைக்கும் இடம்) காலியாகி நிரம்புகிறது. ஒரேயடியாக நின்று, நாம் போய் பிளே அழுத்தினால்தான் பாடும் என்றால் இணைப்பே அறுந்துவிட்டது. எனக்கு வந்தது பெரும்பாலும் இரண்டாவது, எப்போதாவது மூன்றாவது.

மின்சாரத்தைச் சீக்கிரமே பார்த்துவிடலாம். பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கர்னல் பதிவில் (இயங்குதளம் தன் செய்திகளை எழுதிவைக்கும் இடம்) எச்சரிக்கை விழும். என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது வைஃபை. பையிலிருந்து வெளியே ஏதோ ஒரு தளத்துக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) போடாமல், வீட்டு ரவுட்டருக்கே போட்டேன். நடுவில் ஒரே ஒரு சுவர்தான், சில மில்லி விநாடியில் பதில் வர வேண்டும். ஆனால் எண்கள் திடீர் திடீரென்று 100, 200 என்று எகிறின. பார்த்தால் வைஃபையின் பவர் சேவ் (மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதி) இயக்கத்தில் இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் வைஃபை சிப் கண் அசந்துவிடும், அது விழிக்கும் வரை ரவுட்டர் தரவுப் பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். டெர்மினலில் அணைத்தால் ரீபூட் வரைதான் நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால், பையில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் மென்பொருளின் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வைக்க வேண்டும் (2 அணைக்கும், 3 இயக்கும்). வைத்ததும் பிங் எண்கள் அடங்கின, பகல் நேரத் தொல்லை போயே போய்விட்டது.

சாயங்காலத் தொல்லை பாக்கி. 3பி-யில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், 5 கிகாஹெர்ட்ஸ் 2018-இல் வந்த 3பி பிளஸ்ஸில்தான் சேர்ந்தது. அடுக்குமாடியில் எல்லோரும் வேலை முடிந்து வந்தபின் வைஃபை அனலைசர் செயலியில் பார்த்தால் 6-ஆம் சேனலில் ஒரே கூட்டம். ரவுட்டரை 11-க்கு மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். புளூடூத்தும் அதே சிப்பில் இருப்பதால் அதையும் அணைத்தேன். 128 கிலோபிட் எம்பி3 நிலையங்கள் சரியாகிவிட்டன.

ஆனால் ரேடியோ பாரடைஸ் என்ற இணைய வானொலியின் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) ஸ்ட்ரீம் என் பெட்டியில் இன்னும் நின்று நின்றுதான் வந்தது. பஃபரைப் பெரிதாக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரிதாக்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. காரணம் புரிந்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் நிஜமாகவே ருசி பிடித்தது. நேரடி வானொலியில் சர்வர் பாட்டை அது ஒலிக்கும் வேகத்திலேயே அனுப்புகிறது. செலவாகிற அளவுக்கே தண்ணீர் விடும் குழாய்க்குக் கீழே எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் மட்டம் ஏறாது. இணைந்தவுடன் சர்வர் மொத்தமாகத் தரும் முதல் கொத்துதான் நம் கையிருப்பு. இணைய வானொலிகள் பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் என்ற சர்வர் மென்பொருளின் இயல்பு அமைப்பில் அது 64 கிலோபைட். 128 கிலோபிட் ஸ்ட்ரீமுக்கு விநாடிக்கு 16 கிலோபைட், அதாவது 4 விநாடி கையிருப்பு. சிடி தர ஃப்ளாக்குக்கு அதே 64 கிலோபைட் அரை விநாடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நிலையத்தார் இந்த அளவைக் கூட்டியும் வைத்திருக்கலாம். ஆனால் தரம் கூடக் கூடக் கையிருப்பு விநாடிகள் குறையும் என்ற கணக்கு மாறாது.

அப்படியானால் வழி? நிலையத்தைப் போட்டவுடன் பாஸ் அழுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பாஸில் இருக்கும்போதும் எம்.பி.டி. ஸ்ட்ரீமை வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதன் இயல்பான 4096 கிலோபைட் ஒலி பஃபர், சிடி தரத்தில் சுமார் 23 விநாடி கொள்ளும். நாம் காத்திருக்கும் நேரம் முழுவதும் கையிருப்பாகிவிடும், வைஃபை சில விநாடி தடுமாறினாலும் பாட்டு நிற்காது. ஒன்றைக் கவனியுங்கள்: சில செயலிகளில் வானொலிக்கு பாஸ் அழுத்தினால் ஸ்டாப் ஆகிவிடும், அங்கே இது பலிக்காது. ரொம்ப நேரம் பாஸில் விட்டாலும் சர்வர் நம்மைத் துண்டித்துவிடும்.

ஃப்ளாக்குக்கு இப்போது சுவரோரமாக ஒரு லான் கேபிள் இழுத்துவிட்டேன். சாயங்காலத்திலும் ஒரு தடங்கல்கூட இல்லை. கேபிள் இழுக்க இடம் இருந்தால் முதலிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது, இரவில் எப்போதாவது சர்வர் பக்கமே இணைப்பு முடிந்துபோகும் அந்த மூன்றாவது வகை. வரிசையில் அந்த ஒரு நிலையத்தை மட்டும் வைத்து ரிப்பீட்டைப் போட்டிருக்கிறேன். ஸ்ட்ரீம் முடிந்தால் எம்.பி.டி. தானாகவே மறுபடி இணைந்துகொள்கிறது.