அது நம்ம ஃபைல் இல்லை

"அண்ணா, அரை மணி நேர வேலைதான். நானே சரி பண்ணிடறேன்."

"அது நம்ம ஃபைல் இல்லை. டிக்கெட் போட்டுட்டு விட்டுடும்மா."

பேச்சு அவ்வளவுதான். டிக்கெட் என்றால், பிழையை எழுதி உரிய குழுவுக்கு அனுப்பும் சீட்டு. மூன்று வருடம் ஆகப்போகிறது. என் குழுவில் இருந்த அவள் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது வரைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

விஷயம் ஒரு படிக்கட்டு. பல ஸ்டூடியோக்கள் சேர்ந்து செய்யும் ஒரு வீடியோ கேம் வரிசையின் அந்தப் பாகத்தில் துறைமுகத்தை ஒட்டிய கடைத்தெரு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் அவள் கட்டியது, நான்கு மாத வேலை. மீன் கூடைகளின் மேல் போட்ட ஈரச்சாக்கில் எந்தப் பக்கம் காய ஆரம்பித்திருக்கும் என்றுகூட யோசித்துச் செய்திருந்தாள். அந்தத் தெருவுக்கு இறங்கும் படியில்தான் ஆட்டத்தில் தானாக நடமாடும் கூட்டத்து ஆட்கள் மூன்றாவது படிக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

காரணத்தையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். கண்ணுக்குத் தெரிகிற படிக்கும் அதற்குள் இருக்கும், கால் படுகிற கண்ணுக்குத் தெரியாத வடிவமான கொலிஷனுக்கும் அந்த ஒரு படியில் மட்டும் சில சென்டிமீட்டர் வித்தியாசம். ஆட்கள் ஏறக்கூடிய உயரத்தை அது தாண்டியதால், எங்கே நடக்கலாம் என்று ஆட்களுக்குக் காட்டும் வரைபடமான நேவ்மெஷ் அங்கே அறுந்துபோயிருந்தது. இரண்டு பாகத்துக்கு முன்னால் வேறொரு ஸ்டூடியோ செய்த படி அது. அப்போது அதில் கதாநாயகன் மட்டும்தான் ஏறினான், அவனுக்குத் தாவத் தெரியும். கூட்டம் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஃபைலின் ஓனர் என்ற இடத்தில் இருந்த பெயருக்கு உரியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்.

நான் சொன்னது விதிப்படி சரி. அந்தப் படி வெவ்வேறு ஸ்டூடியோக்களின் மேப்களில் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தது. ஆட்டத்தின் உள்ளடக்கத்தைப் பூட்டும் கெடுவான கன்டென்ட் லாக்குக்கு ஆறு நாள். முந்தைய ப்ராஜெக்டில் நல்ல எண்ணத்தோடு ஒரு கதவு நிலையை நான் திருத்தப்போய், இன்னொரு ஸ்டூடியோவின் மாளிகையில் ஒரு கதவும் மூடாமல் போனது. இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. அந்தக் குரலை மறக்க முடியவில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். கால் ஆஃப் ட்யூட்டி ஆட்ட வரிசையில் முன்பு நடந்த மாதிரி ஒரு வருடம் இன்ஃபினிட்டி வார்டு ஸ்டூடியோ, ஒரு வருடம் ட்ரேயார்க் என்று முறை வைத்துச் செய்வது ஒரு வகை. அங்கேயும் கைகள் கலக்கும், ஆனால் இந்த வருட ஆட்டம் யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. ஒரே ஆட்டத்தைப் பல ஸ்டூடியோக்கள் பிரித்துக்கொள்வது இன்னொரு வகை. 2010இல் வந்த அசாசின்ஸ் க்ரீட் பிரதர்ஹுட்டில் பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் பகுதியை அன்னெசி ஸ்டூடியோ செய்தது. 2013இல் அதே வரிசையில் வந்த பிளாக் ஃப்ளாகின் கடல், கப்பல் வேலைகளில் சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்குப் பெரிய பங்கு. கடலைத் தனியாக வெட்டிக் கொடுக்கலாம், அதற்கு ஓரம் இருக்கிறது. அதற்கு அடுத்த வருடம் வந்த யூனிட்டியில் பத்து ஸ்டூடியோக்கள். நகரத்தை இத்தனை பேர் பிரித்துக்கொண்டால் எங்கே கோடு போடுவது? எங்கள் ஆட்டத்தில் தெரு எங்களுடையது, நடக்கிற கூட்டம் கிழக்கு ஐரோப்பாவில் ஒரு குழுவுடையது, படி யாருடையதும் இல்லை.

டிக்கெட் போட்டாள், வீடியோவோடு. கூட்டத்தைப் பார்க்கும் குழு "இது அசெட் பிரச்சினை", அதாவது படியின் கோளாறு, என்று கனடாவில் இருந்த தலைமை ஸ்டூடியோவுக்குத் தள்ளியது. அவர்கள் "இது லெவல் பிரச்சினை", அதாவது அதை வைத்த தெருவின் கோளாறு, என்று எங்களுக்கே திருப்பினார்கள். ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு நாள் ஆகும். இதில் யாரையும் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். எழுதப்பட்ட ஒவ்வொரு பதிலும் அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் சரி. அதுதான் பயமாக இருக்கிறது.

பதினோராவது நாள் தலைமை ஸ்டூடியோவில் ஒருவர் படியின் உச்சியில் மரப்பெட்டிகளை அடுக்கித் தெருவையே அடைத்துவிட்டார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டிக்கெட்டில் "சரிசெய்யப்பட்டது" என்று வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைத் திறந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

படியை நகலெடுத்து எங்கள் பெயரில் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி நகலெடுத்து நகலெடுத்துத்தான் இந்த வரிசையில் ஒரே ஜன்னல் ஒன்பது விதமாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். எல்லா ஸ்டூடியோக்களின் ஃபைல்களும் இருக்கும் பெர்ஃபோர்ஸில் அந்த ஃபைலைத் திருத்துவதற்காக எடுக்க (செக் அவுட் செய்ய) எங்களுக்கு அனுமதி இருந்தது. அதுவும் தெரியும். விதியை மதித்தேனா, அந்த இரவு இரண்டு மணிக் குரலுக்குப் பயந்தேனா? ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது.

ஆட்டம் வெளியாவதற்கு நான்கு மாதம் முன்பு அவள் வேறு வேலைக்குப் போனாள். கிரெடிட்ஸில் அவள் பெயர் இல்லை. வெளியாகும் நாளில் வேலையில் இருப்பவர்கள் மட்டும் என்பது அந்த ப்ராஜெக்டின் விதி. இதற்கு மட்டும் நான் மின்னஞ்சல் எழுதினேன், இரண்டு முறை. நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பெட்டிகளின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தால் தெரு இன்னும் இருக்கிறது. ஈரச்சாக்கும் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.

போன மாதம் ஒரு பையன் வந்து, விளக்குக் கம்பம் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கிறது, திருத்திவிடவா என்றான். எத்தனை இடத்தில் இருக்கிறது பார் என்றேன். நூற்றுப் பதினெட்டு. டிக்கெட் போடச் சொன்னேன். அப்புறம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கனடாவில் ஆபீஸ் திறக்கும் ஆறரை மணி வரை காத்திருந்து நானே பேசினேன். பார்க்கிறோம் என்றார்கள்.

கம்பம் இன்று தொகுத்த பில்டிலும் ஒரு விரல் உயரத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது.