நாலு விளக்குக் கம்பம்

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் சுங்கை சிப்புட் திரும்பினோம். தூக்கம் வரவில்லை. காரை நிறுத்திய இடத்திலிருந்து கோயில் வாசலுக்குள் அப்பா ஆறு தடவை நின்றார். முறுக்குக் கடை, வளையல் கடை, பொம்மைக் கடை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் நடப்பார். ஆறாவது தடவைதான் எனக்கு உறைத்தது. கேட்டேன்.

"வலது கெண்டைக்கால பிடிச்சு இழுக்குதும்மா. நின்னா விட்டுடுது."

எத்தனை நாளாக என்றால் ஒரு வருடமாம். அப்பாவுக்கு 71 வயது. பதினைந்து வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டப் போனவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்நூறு மரம் வெட்டி, காண்டாக் கம்பில் பால் வாளியை மாட்டித் தோளில் தூக்கி மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால் அது. "வயசாச்சு" என்று எல்லோரும் சொல்ல, அவரும் நம்பிவிட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா, "இரத்த ஓட்டம் இல்ல, அதான். சுடுதண்ணியில உப்பைப் போட்டு காலை வைக்கச் சொல்லுங்க" என்றிருக்கிறார். நல்ல மனதோடு சொன்னதுதான். அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைக்க, அப்பா இருபது நிமிடம் காலை வைத்து டிவி பார்த்திருக்கிறார். சூடே தெரியவில்லையாம். சாயங்காலம் நான் பார்க்கும்போது வலது கட்டைவிரல் ஓரத்தில் ஐம்பது சென் காசு அளவுக்குக் கொப்புளம்.

அப்பாவுக்குப் பதினான்கு வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். காலில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அரசாங்கக் கிளினிக். தாதி முதலில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே தொட்டார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழையாம். தொட்ட பத்து இடங்களில் நான்கு அப்பாவுக்குத் தெரியவே இல்லை.

டாக்டர் பாதத்தின் மேல்பக்கமும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரலை வைத்து நாடி தேடினார். இடது காலில் லேசாக இருந்தது. வலது காலில் கையில் படவில்லை. உடனே ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

வெளியே வரும்போது தாதி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். புண் கறுத்தாலும், நாற்றம் வந்தாலும், ராத்திரி படுத்திருக்கும்போதே கால் வலித்தாலும், கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தாலும், அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். இந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஈப்போவில் படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். நல்ல காலில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் 1க்குப் பக்கத்தில் வர வேண்டும். 0.9க்குக் கீழே போனால் காலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு. அப்பாவுக்குக் கையில் 150, வலது கணுக்காலில் 93. வகுத்தால் 0.62.

நடக்கும்போது தசைக்கு இரத்தம் கூடுதலாக வேண்டும். குறுகிப்போன குழாய் வழியாக அவ்வளவு வராது, அதனால் வலி. நின்றால் தேவை குறையும், வலி போய்விடும். அப்பா கடை கடையாக நின்றதைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. இந்த நோய்க்காரர்கள் பலர் அப்படித்தான் நிற்பார்கள், அக்கம்பக்கம் தெரியாமல் சமாளிப்பார்கள் என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. காலில் அடைப்பு என்றால் நெஞ்சிலும் மூளையிலும் இருக்கும் குழாய்கள் மட்டும் தப்பியிருக்கும் என்று நினைக்க முடியாது. கால் சொல்வது முன்னெச்சரிக்கை. அதனால் கொழுப்புக்கு ஒரு மாத்திரை, இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கட்டுப்பாடு. எல்லாவற்றுக்கும் முன்னால் சிகரெட்.

அப்பா தலை குனிந்துகொண்டார். 2019 ஜனவரியில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தபோது ரோட்டோரம் போய் நின்று பிடித்தவர். இன்று வழி நெடுகப் பேசவே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணன் இரவுச் சந்தையில் காலை இறுக்கிப் பிடிக்கும் நீள காலுறை இரண்டு ஜோடி வாங்கி வந்தார். 'இரத்த ஓட்டத்துக்கு' என்று பெட்டியில் போட்டிருந்ததாம். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. நல்லவேளை, டாக்டரிடம் இதைக் கேட்டுவைத்திருந்தேன். அப்பாவுக்குக் கூடவே கூடாது.

இதை வீட்டில் எல்லோருக்கும் புரியவைக்கப் பகல் முழுக்கப் போனது. 'இரத்த ஓட்டம் சரியில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரத்தம் கீழே இறங்குவது ஒன்று, மேலே ஏறுவது இன்னொன்று. அப்பாவுக்கு இறங்குவதில் தடை. அம்மாவுக்கு ஏறுவதில் தடை. நின்றே வேலை செய்த அம்மாவுக்குச் சாயங்காலமானால் கால் வீங்கும், முட்டிக்குப் பின்னால் நரம்பு, அதாவது இரத்தம் மேலே ஏறும் குழாய், சுருண்டு தெரியும். அம்மா படுத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் வடிகிறது. அப்பா அதையே செய்தால், குறைவாக வருகிற இரத்தமும் வராமல் போகும். இறுக்கமான காலுறையும் அப்படித்தான். அம்மாவுக்குக்கூட முதலில் பாத நாடியைப் பார்த்து, கால் அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டும் ஒன்றை அப்பாவின் கையில் செய்தேன். பால்வெட்டிய கை, நரம்பு புடைத்து நிற்கும். ஒரு விரலால் நரம்பை அழுத்தி, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் இரத்தத்தை வழித்துவிட்டேன். நரம்பு தட்டையாகிவிட்டது. மேலேயிருந்து இரத்தம் திரும்பி வரவில்லை. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் குபுக்கென்று நிறைந்தது. உள்ளே ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன. இரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் எழுதிய வில்லியம் ஹார்வி, இதே கையையும் இதே நரம்பையும் வைத்துத்தான் காட்டினார். உடம்பில் இருப்பது ஏறத்தாழ ஐந்து லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஒரு நிமிடத்தில் அவ்வளவையும் ஒரு சுற்று தள்ளிவிடுகிறது.

"காலுக்குக் கீழ உள்ளதை யாரு மேல தூக்குறா?" என்று அம்மா கேட்டார். கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது அது நரம்பைப் பிழிகிறது, கதவுகள் திரும்ப விடுவதில்லை. அம்மா உடனே எழுந்து சமையல்கட்டு மேசையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். இருபது தடவை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

புண் ஆறிவிட்டது. நான்கு வாரம். எனக்கென்றால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

இன்றிலிருந்து நடை. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "பட்டை காய்ஞ்ச மரத்தை வெட்டாம ஓய்வுக்கு விடுவோம். வலிக்கிற காலை மட்டும் எதுக்கு நடக்க விடணும்?"

மரம் தெரிந்தவரிடம் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னேன், மரத்துக்குத் தசை இல்லையே அப்பா. வலிக்கும்வரை நடக்க வேண்டும். நன்றாக வலிக்கும்போது நின்று, முழுக்க விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி அரை மணிக்குக் குறையாமல், வாரம் மூன்று நாளாவது, பன்னிரண்டு வாரம். கிடைக்கிற இரத்தத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தசை பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர். ஓய்வு கொடுத்தால் உள்ளதும் தேயும்.

சப்பாத்து, தடித்த பருத்திக் காலுறை. சிலிப்பர் கிடையாது. சப்பாத்துக்குள் கல் கிடக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துத்தான் போட வேண்டும். எங்கள் தாமான் குடியிருப்பில் முதல் விளக்குக் கம்பத்திலிருந்து கிளம்பினோம். நாலாவது கம்பத்தில் நின்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. ஆறு கம்பம். சிகரெட் விட்டுப் பதினெட்டு நாள். வடை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். நான் சொல்லவில்லை, அவராகவே.

ஜூன் 8, ஞாயிறு

பன்னிரண்டு வாரம் முடிந்தது. எங்கேயாவது கூட்டிப்போகிறேன் என்றதற்கு, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் என்றார். லயத்து வீடுகளை இடித்தாயிற்று, பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது. பெரிய ரோட்டிலேயே காரை நிறுத்தச் சொன்னார். செம்மண் பாதையில் நடந்தோம். கம்பம் எதுவும் இல்லாததால் செம்பனையை எண்ணிக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஒரு தடவை நின்றார். "வலிக்குது, நில்லு" என்று வாய்விட்டே சொன்னார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தயங்கினார். வெயிலில் தரை கொதித்தது. பையில் இருந்த புதுக் காலுறையைக் கொடுத்தேன். பூசாரி பார்த்துவிட்டு, "போட்டுக்கிட்டு வாங்கய்யா, ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார்.

ராத்திரி வழக்கம்போல் அம்மா கைக்கண்ணாடியை அப்பாவின் உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். வலது கால் சுத்தம். இடது சுண்டுவிரல் ஓரத்தில் சப்பாத்து உரசிய சிவப்பு. நாளைக்குக் கடை திறந்ததும் ஒரு அளவு பெரிதாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். சிவப்பு போகும்வரை நடை இல்லை என்றதும் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.